வீரர் இளவயதில் மறைந்தால்: எந்தக் கார்டின் விலை நிற்கிறது, எது சரிகிறது?

ஒரு விளையாட்டு வீரர் எதிர்பாராமல் இறந்துவிட்டால் அவருடைய கார்டுகளின் (வீரரின் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டைகளின்) விலை ஏறும் என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். இதில் பாதிதான் உண்மை. செய்தி வந்த சில நாட்களுக்கு அநேகமாக எல்லோருடைய கார்டும் ஏறுகிறது. பரபரப்பு அடங்கிய பிறகும் அந்த விலை நிற்பது வெகு சிலருக்குத்தான். அந்தச் சிலர் யார், அவர்களுடைய கார்டுகளிலும் எந்த வகை நிற்கிறது என்பதை எதிரெதிராக வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

முதலில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட்டையும் பேஸ்பால் வீரர் ஹோசே ஃபெர்னாண்டஸையும் எடுத்துக்கொள்வோம். 2020 ஜனவரி 26 அன்று ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தபோது கோபிக்கு வயது 41. ஐந்து சாம்பியன் பட்டங்கள், 33,643 புள்ளிகள், ஓய்வு பெற்று ஏறக்குறைய நான்கு ஆண்டுகள். அவருடைய கணக்கு முழுதாக எழுதி முடிக்கப்பட்டிருந்தது. மயாமி மார்லின்ஸ் அணியின் பிட்சரான (பந்து வீசுபவரான) ஃபெர்னாண்டஸ் 2016 செப்டம்பர் 25 அன்று படகு விபத்தில் இறந்தபோது அவருக்கு 24 வயதுதான். 2013-இல் சிறந்த அறிமுக வீரர் விருது, இறந்த ஆண்டில் மட்டும் 253 ஸ்ட்ரைக்அவுட்கள், அதாவது பந்தை அடிக்கவிடாமல் மட்டையாளரை வெளியேற்றியவை. பேஸ்பால் ரசிகர்கள் அவரை நேசித்த அளவுக்கு வேறு இளைஞர்களை நேசித்தார்களா என்பது சந்தேகம்தான்.

அந்த நேசம் கார்டு விலையாக நீடிப்பதில்லை. 24 வயது நட்சத்திரத்தின் கார்டுக்குத் தரும் பணத்தில் பெரும்பகுதி, அவர் இனிமேல் செய்யப்போவதற்குத் தரும் பணம். அடுத்த பத்து ஆண்டுகளின் வெற்றிகள், விருதுகள், ஒருநாள் ஹால் ஆஃப் ஃபேம் எனும் சாதனையாளர் மண்டபத்தில் இடம் என்ற நம்பிக்கை எல்லாம் அந்த விலைக்குள் இருக்கின்றன. மரணம் அந்தப் பகுதியை ஒரே நாளில் துடைத்துவிடுகிறது. நினைவுக்காக ஒன்றாவது வாங்கி வைப்போம் என்று வருபவர்களின் கூட்டம் சில வாரங்களுக்கு இந்த இழப்பை மறைத்துவைக்கும். கூட்டம் கலைந்ததும் உண்மை விலை தெரிந்துவிடும். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் பேஸ்பால் அணியின் ஆஸ்கர் டவெராஸ் 2014 அக்டோபரில் கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு 22 வயது. பெரிய லீகில் ஒரு முழு சீசன்கூட ஆடவில்லை. அவருடைய கார்டுகளின் விலை முழுவதுமே எதிர்காலத்தின் மீது நின்றது.

கோபியின் பக்கமும் தோன்றுகிற அளவு நேரானதல்ல. டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட அவருடைய 1996-97 டாப்ஸ் குரோம் ரிஃப்ராக்டர் (பளபளக்கும் வகை) ரூக்கி கார்டு (ஒரு வீரரின் தொடக்கக் காலக் கார்டு) ஒன்று, கார்டுகளைத் தரமதிப்பிடும் பெக்கெட் நிறுவனத்தின் மிக அரிதான பிளாக் லேபிள் தரத்தில் இருந்தது, 2021 மார்ச்சில் ஏறக்குறைய 18 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இதை மரணத்தின் விளைவு என்றே பலர் எழுதுகிறார்கள். ஆனால் அதே காலத்தில், உயிரோடு இருக்கும் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் 1986-87 ஃப்ளீர் நிறுவன ரூக்கி கார்டு, பிஎஸ்ஏ 10 தரத்தில் (பிஎஸ்ஏ என்ற தரமதிப்பீட்டு நிறுவனம் தரும் உச்சத் தரம்), 7,38,000 டாலரைத் தொட்டது. பொதுமுடக்கத்தில் வீட்டுக்குள் இருந்த மக்கள், கையில் மிஞ்சிய பணம், புதிதாக நுழைந்த முதலீட்டாளர்கள் என எல்லாம் சேர்ந்து சந்தை முழுவதையும் தூக்கிய நேரம் அது. அடுத்த சில மாதங்களில் ஜோர்டன் கார்டு பெரிதாக விழுந்தது. கோபியின் ஏற்றத்தில் கணிசமான பங்கு அந்தப் பொது அலைக்குச் சேர வேண்டியது என்றே நான் கருதுகிறேன். 2020 ஜனவரி முதல் 2021 வரை நீளும் விலைக்கோட்டைக் காட்டி ‘மரணம் இவ்வளவு கூட்டியது’ என்று யாராவது சொன்னால், அதே மாதங்களில் ஜோர்டனின் கோடு எப்படிப் போனது என்று கேளுங்கள்.

பழைய காலத்தில் இந்தக் கலப்படம் குறைவு. அதனால் ரொபெர்டோ கிளெமென்ட்டேயும் தர்மன் மன்சனும் இன்னும் தெளிவான ஜோடி. இருவரும் பேஸ்பால், இருவரும் விமான விபத்து. கிளெமென்ட்டே 1972 செப்டம்பர் 30 அன்று தம்முடைய 3,000-ஆவது ஹிட்டை அடித்தார். அதுவே லீக் ஆட்டங்களில் அவருடைய கடைசி ஹிட். டிசம்பர் 31 அன்று, நிலநடுக்கத்தில் சிதைந்த நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிப் புறப்பட்ட விமானம் புவேர்ட்டோ ரீகோ கடலில் விழுந்தது. ஓய்வுக்குப் பிறகான ஐந்தாண்டுக் காத்திருப்பு விதியைத் தளர்த்தி 1973-லேயே அவரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். நியூயார்க் யாங்கீஸ் கேப்டனான மன்சன், 1979 ஆகஸ்ட் 2 அன்று தாமே ஓட்டிய விமானம் விழுந்து 32 வயதில் இறந்தார். 1970-இல் சிறந்த அறிமுக வீரர், 1976-இல் மிகச் சிறந்த வீரர், இரண்டு உலகத் தொடர் பட்டங்கள். ஆனாலும் ஹால் ஆஃப் ஃபேம் அவருக்குக் கிடைக்கவில்லை.

மன்சனின் 1970 டாப்ஸ் ரூக்கி கார்டை யாங்கீஸ் ரசிகர்கள் விரும்பி வாங்குகிறார்கள், அது மலிவுச் சரக்கல்ல. ஆனால் கிளெமென்ட்டேயின் 1955 டாப்ஸ் கார்டு இருக்கும் வரிசையே வேறு. பிஎஸ்ஏ 9 தரத்தில் ஒன்று 2016-இல் 4,78,000 டாலருக்குப் போனது. இறந்த விதத்தில் பெரிய வேறுபாடு இல்லை, இறந்த வயதிலும் ஆறே ஆண்டு வித்தியாசம். விலையைப் பிரித்தது முழுமையடைந்த சாதனைப் பட்டியலும், புவேர்ட்டோ ரீகோ தீவே தன் மகனாகக் கொண்டாடும் மனிதரின் கதையும்தான். மற்றவர்களுக்கு உதவப் போய் உயிரை விட்டவர் என்பதால் ஒவ்வொரு தலைமுறையிலும் அவருக்குப் புதிய சேகரிப்பாளர்கள் வருகிறார்கள்.

கதை மட்டுமே ஒரு கார்டைத் தாங்கிப் பிடிக்குமா? எர்னி டேவிஸ் விஷயத்தில் பிடித்திருக்கிறது. அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரி அளவில் சிறந்த வீரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பையை வென்ற முதல் கறுப்பின வீரர் அவர், 1961-இல். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்கு வந்த கோடையிலேயே ரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் 1963 மே மாதம் 23 வயதில் இறந்தார். அவருடைய 1962 டாப்ஸ் கார்டு இன்றும் தேடப்படுகிறது. அந்த ஆண்டுக் கார்டுகளுக்குக் கறுப்பு ஓரம். லேசாக உரசினாலும் வெள்ளை தெரிந்துவிடும், அதனால் நல்ல நிலையில் கிடைப்பது கடினம். வரலாற்றில் இடம், தட்டுப்பாடு ஆகிய இரண்டும் சேர்ந்ததால் இது நின்றது. இதை நம்பி, இன்று இறக்கும் ஓர் இளம் வீரரின் ஆயிரக்கணக்கில் அச்சான கார்டை வாங்கிக் குவிப்பது தவறு.

இனி ரூக்கி கார்டா, கையெழுத்திட்ட கார்டா? அச்சிட்ட கார்டின் எண்ணிக்கை மரணத்தால் மாறுவதில்லை. சொல்லப்போனால் சந்தைக்கு வரும் எண்ணிக்கை கூடுகிறது: விலை ஏறிய செய்தி கேட்டதும் அலமாரியில் கிடந்தவற்றையெல்லாம் எடுத்துத் தரமதிப்பீட்டுக்கு அனுப்புகிறார்கள், சில மாதங்களில் பிஎஸ்ஏ 10 எண்ணிக்கை ஏறிவிடுகிறது. கையெழுத்து அப்படியல்ல. அது அன்றோடு நின்றுபோகிறது. ஆகவே கையெழுத்துதான் எப்போதும் மேல் என்று தோன்றும். ஆனால் அந்த வீரர் எந்தக் காலத்தில் வாழ்ந்தார் என்பதைப் பொறுத்தே இது அமைகிறது. கிளெமென்ட்டேயும் மன்சனும் கார்டு கண்காட்சிகள் பெருகுவதற்கு முன்பே போய்விட்டார்கள். ஓய்வுபெற்ற வீரர்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் கையெழுத்துப் போட்ட எண்பதுகளையும் தொண்ணூறுகளையும் அவர்கள் பார்க்கவே இல்லை. மறுபக்கம் பேஸ்பால் பிட்சர் பாப் ஃபெல்லர் 92 வயது வரை வாழ்ந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் போட்டுக் கொடுத்தார். ஹால் ஆஃப் ஃபேம் வீரராக இருந்தும் அவர் கையெழுத்து எளிதில் கிடைக்கிறது. கோபி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்: இளம் வயதில் இறந்தாலும், கார்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் ஆண்டுக்கணக்கில் கையெழுத்திட்டவர். நிறுத்தம் உண்மை, ஆனால் ஏற்கெனவே இருக்கும் கையிருப்பு பெரிது. எனவே பழைய காலத்தவர் என்றால் கையெழுத்து, இக்காலத்தவர் என்றால் குறைந்த எண்ணிக்கையில் வந்த தரமான ரூக்கி கார்டு என்பதே என் தேர்வு.

விற்பதா, வைத்திருப்பதா என்ற கேள்விக்குப் பதில் இதிலிருந்தே வருகிறது. பணக்கணக்கு மட்டும் பார்த்தால், சாதனை முடிவடையாத இளம் வீரரின் கார்டை முதல் வாரத்தில் விற்பவருக்கே லாபம். கிளெமென்ட்டே போன்றவரின் கார்டை அவசரப்பட்டு விற்பவருக்கே நஷ்டம். ஆனால் குடும்பம் உடலைப் பெற்றுக்கொள்வதற்கு முன்பே மும்மடங்கு விலை போட்டு விற்பனைக்கு வைப்பதை நான் ஏற்கமாட்டேன். கோபியோடு அவருடைய 13 வயது மகள் ஜியானா உட்பட மேலும் எட்டுப் பேர் இறந்தார்கள். அந்த நேரத்து லாபம் யாரோ ஒருவரின் அழுகையிலிருந்து வருவது. வாங்குபவருக்கும் அந்த வாரம் நல்லதல்ல: உணர்ச்சி வேகத்தில் கொடுக்கும் விலை எப்போதும் கூடுதல். சில மாதம் பொறுத்தால், புதிதாகத் தரமதிப்பீடு பெற்ற கார்டுகள் சந்தைக்கு வந்து விலை இறங்கியிருக்கும். ஹால் ஆஃப் ஃபேம் அறிவிப்பு நெருங்கும் நேரத்தையும் தவிர்ப்பது நல்லது. 2017 நவம்பரில் விமான விபத்தில் இறந்த பேஸ்பால் பிட்சர் ராய் ஹாலடே 2019-இல் தேர்வானதைப் போல, பெருமையும் துக்கமும் ஒன்றாகச் சேரும் நாட்களில் மறுபடியும் கூட்டம் கூடும்.

கையெழுத்து வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. வீரர் இறந்த மறுநாளிலிருந்து போலிகள் பெருகும், அவரிடம் கேட்டுச் சரிபார்க்க வழியும் இருக்காது. எஃப்பிஐ நடத்திய ‘ஆபரேஷன் புல்பென்’ விசாரணை இந்தப் போலித் தொழில் எவ்வளவு பெரியது என்பதைக் காட்டியது. காசோலையிலோ கடிதத்திலோ இருந்த கையெழுத்தை வெட்டிக் கார்டுக்குள் பதித்து நிறுவனங்களே வெளியிடும் ‘கட் சிக்னேச்சர்’ கார்டுகளில் நிறுவனத்தின் உத்தரவாதம் இருக்கிறது. தனியாக விற்கப்படும் கையெழுத்துக்கு பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் போன்ற சரிபார்ப்பு நிறுவனங்களின் சான்று இருக்க வேண்டும். சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்திலேயே போட்டுப் பார்த்து, அங்கே வரும் விவரமும் கையில் இருக்கும் கார்டும் பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே பணத்தை அனுப்புங்கள்.