தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995: சந்தாதாரர் ஒருவரின் மதிப்பீடு

தனியார் நிறுவன ஊழியர்களுக்கு முதுமையில் மாதந்தோறும் ஒரு வருமானம் கிடைக்க வழிசெய்யும் இந்தத் திட்டம் 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையில் இருக்கிறது. நீண்ட காலமாகச் சந்தா செலுத்திவரும் ஊழியர் என்ற முறையில் இதன் நிறைகுறைகளை எழுதுகிறேன்.

மத்திய அரசின் உமங் செயலியில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பாஸ்புக்கைத் திறந்தால் ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று தொகைகள் தெரியும். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் பெறுபவருக்கு ஊழியர் பங்கு 1,800, நிறுவனத்தின் பங்கு 550, ஓய்வூதியப் பங்கு 1,250 என்று இருக்கும். முதல் இரண்டுக்கும் ஆண்டுதோறும் வட்டி சேரும், மூன்றாவதற்குச் சேராது. நிறுவனம் செலுத்தும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் தனிக்கணக்கில் தங்காமல் பொது ஓய்வூதிய நிதிக்குச் சென்று, மத்திய அரசு தரும் 1.16 சதவீதத்துடன் சேர்ந்து, எல்லா ஓய்வூதியர்களுக்கும் பகிரப்படுவதே இதற்குக் காரணம். வட்டியைக் காணாமல் பதறுபவர்கள் ஏராளம் என்பதால் பாஸ்புக்கிலேயே இதை ஒரு வரியில் விளக்கியிருக்கலாம்.

பொது நிதியாக இருப்பதுதான் இத்திட்டத்தின் பெரும் பலம். ஊழியர் பணிக்காலத்திலேயே இறந்துவிட்டால், அவர் ஒரே ஒரு மாதம் சந்தா செலுத்தியிருந்தாலும் கணவருக்கோ மனைவிக்கோ ஓய்வூதியம் உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை தனியாக உண்டு. எந்த வங்கி வைப்பும் இந்தப் பாதுகாப்பைத் தராது.

தொகைதான் ஏமாற்றம் தருகிறது. கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்கிறார்கள். 20 ஆண்டுகள் முடித்தவருக்கு 2 ஆண்டுகள் கூடுதலாகச் சேரும். 2014 செப்டம்பரில் நிர்ணயித்த 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பின்படி கணக்கிட்டால், அதன்பின் சேர்ந்து 20 ஆண்டுகள் உழைப்பவருக்கு மாதம் ஏறத்தாழ 4,714 ரூபாய்தான் வரும். இடையில் அவர் சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் உச்சவரம்பு உயராத வரை இதே கணக்குத்தான். அதே 2014இல் குறைந்தபட்ச ஓய்வூதியத்தை 1,000 ரூபாய் ஆக்கினார்கள். மாதம் முழுவதற்கும் மருந்து வாங்கவே அது போதாது. விலைவாசிக்கு ஏற்ப உயரும் ஏற்பாடும் இதில் இல்லை என்பது முதியவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்றே கருதுகிறேன்.

சேவை முன்பைவிட மேம்பட்டிருக்கிறது. 2025 ஜனவரி முதல் நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் ஓய்வூதியம் பெறலாம். வாழ்நாள் சான்றிதழையும் கைபேசியில் முகத்தைக் காட்டியே பதிவு செய்துவிடலாம்.

வேலை மாறும் இளைஞர்கள் படிவம் 10சி கொடுத்து ஓய்வூதியப் பணத்தை எடுத்துவிடாமல், பழைய பணிக்காலத்தைப் புதிய கணக்குடன் இணைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். 58 வயதில் ஓய்வூதியம் பெற 10 ஆண்டுப் பணிக்காலம் தேவை. இடையில் பணத்தை எடுத்தால் அந்த 10 ஆண்டுக் கணக்கை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.