பிஜிபெஞ்ச்: எளிதில் கிடைக்கும் எண், எளிதில் நம்பக் கூடாத எண்

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு சேர்ந்தே வரும் சுமைச் சோதனைக் கருவி பிஜிபெஞ்ச். இரண்டே கட்டளைகளில் அட்டவணைகளை உருவாக்கி, சோதனையை ஓட்டி, வினாடிக்கு எத்தனை பரிவர்த்தனைகள் முடிந்தன என்று சொல்லிவிடுகிறது. கருவியில் குறையில்லை, இயல்பு அமைப்புகளை அப்படியே விட்டு ஓட்டினால் கிடைக்கும் விடைதான் ஆபத்தானது.

அதன் இயல்பான சோதனை, 1995-இலேயே கைவிடப்பட்ட டிபிசி-பி என்னும் வங்கிக் கணக்கு மாதிரியைத் தழுவியது. தரவின் அளவைத் தீர்மானிக்கும் எண்ணான அளவுக் காரணி 1 எனில் கணக்கு அட்டவணையில் 1 லட்சம் வரிசைகளும், காசாளர் அட்டவணையில் 10 வரிசைகளும், கிளை அட்டவணையில் ஒரே ஒரு வரிசையும் இருக்கும். ஒவ்வொரு பரிவர்த்தனையும் கிளையின் இருப்பைத் திருத்தியாக வேண்டும் என்பதால், 50 இணைப்புகளைத் திறந்தால் அத்தனையும் அந்த ஒற்றை வரிசையின் பூட்டுக்காக வரிசையில் நிற்கும் (இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் அமைந்தது பொருத்தம்தான்). அப்போது அளக்கப்படுவது சர்வரின் திறன் அல்ல, நெரிசல். ஆகவே காரணி, இணைப்புகளின் எண்ணிக்கைக்குக் குறையக் கூடாது. காரணியை 100 ஆக்கினாலும் தரவு சுமார் ஒன்றரை ஜிபிதான். 64 ஜிபி நினைவகமுள்ள சர்வரில் அது முழுவதும் நினைவகத்திலேயே அடங்கிவிடும், வட்டிலிருந்து படிக்கும் வேகம் சோதனைக்கே வராது.

கால அளவு குறிப்பிடாவிட்டால் ஓர் இணைப்புக்கு 10 பரிவர்த்தனைகளோடு நின்றுவிடும். அதனால் ஒரு பயனும் இல்லை. நினைவகத்தில் மாறிய தரவை வட்டில் எழுதிவைக்கும் செக்பாயிண்ட் இயல்பாக 5 நிமிடங்களுக்கு ஒருமுறை நிகழ்வதால், அரை மணி நேரமாவது ஓட்டினால்தான் அதன் பாதிப்பு தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது, வேகத்தைக் கட்டுப்படுத்தும் 'ஆர்' விருப்பம். சாதாரண ஓட்டத்தில் ஒவ்வொரு இணைப்பும் பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்புவதால், சர்வர் திணறும்போது சுமையும் தானாகக் குறைந்து, தாமதம் உள்ளதைவிடச் சிறிதாகத் தெரியும். இந்த விருப்பத்திலோ பரிவர்த்தனைகள் குறித்த வேகத்தில் திட்டமிடப்படுகின்றன. தாமதமும் திட்டமிட்ட நேரத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது. உண்மையான பயனர் படும் காத்திருப்புக்கு இதுவே நெருக்கமானது.

நம் செயலியின் வினவல்களையே கோப்பாக எழுதிக் கொடுத்தும் ஓட்டலாம். ஆனால் அறிக்கையில் சராசரி தாமதம் இருக்குமே தவிர 99-ஆம் சதமானம் (நூற்றுக்கு 99 பரிவர்த்தனைகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்ற அளவு) இருக்காது. ஒவ்வொரு பரிவர்த்தனையையும் பதிவுக் கோப்பில் எழுதவைத்து நாமே கணக்கிட வேண்டியிருக்கிறது. கருவியையும் தரவுத்தளத்தையும் ஒரே இயந்திரத்தில் ஓட்டினால் இரண்டும் சிபியுவுக்குப் போட்டியிடும் என்பதால், கருவிக்கெனத் தனி இயந்திரத்தை ஒதுக்கிவிடுவது நல்லது.