வன்னி முற்றத்துக்கு ரோசாவா, செவ்வரத்தையா?

கிளிநொச்சிப் பக்கத்தில், ஆண்டு முழுவதும் நின்று பூக்கும் செடியொன்றை வீட்டு முற்றத்தில் வைக்க நினைப்பவருக்கு முதலில் ரோசாவின் மேல்தான் ஆசை போகும். எங்கள் முற்றத்தில் இரண்டும் இருந்தன; இப்போது வேலியோரம் முழுவதும் செவ்வரத்தை, கிணற்றடியில் ஒரேயொரு ரோசா. அழகிலும் மணத்திலும் ரோசாவே மேல் என்பதில் வாதம் இல்லை. செவ்வரத்தைப் பூ பெரும்பாலும் ஒரு நாளில் வாடிவிடும், ஆனால் சாமிப்படத்துக்கு வைக்க மறுநாள் வேறு பூ விரிந்திருக்கும்.

தீர்ப்பைச் சொல்வது பராமரிப்புத்தான். வைகாசி முதல் ஆவணி வரை சோளகக் காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை வேரடியை ஊறவைக்கிறது. முதலாவதைக் கிணற்றில் தண்ணீர் இருந்தால் ரோசா தாண்டிவிடும், அதற்கு எமன் மாரிதான். இலை ஏறத்தாழ 7 மணித்தியாலம் தொடர்ந்து நனைந்திருந்தாலே கரும்புள்ளி நோயின் வித்துகள் முளைத்துத் தொற்றிவிடும். மார்கழியில் இங்கே இலை காய்வதே அரிது. ஓரம் பிசிறிய கரும்புள்ளியைச் சுற்றி மஞ்சள் படர்ந்து, இலைகள் கீழிருந்து உதிர்ந்து, வெறுந்தடி மிஞ்சும். தெளித்த பூஞ்சணக்கொல்லியை அடுத்த மழை கழுவிவிடும். நுவரெலியாவின் குளிர் இரவுகள் இல்லாததால், இங்கு கோடையில் மலரும் பூவும் சிறுத்துப் போகிறது.

வாங்கிவரும் ரோசாக்களில் பல ஒட்டுச்செடிகள் என்பதால் இன்னொரு தொல்லையும் உண்டு. மேலே ஒட்டிய கிளை பட்டுப்போக, ஒட்டுக்கு அடியிலிருந்து வேறு சாயலில் ஒரு தளிர் கிளம்பும். செடி பிழைத்துவிட்டது என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்போம். வளர்வதோ ஒட்டுக்கட்டை, நாம் காசு கொடுத்த பூ அதில் வராது. மறுபடியும் வாங்கத்தான் வேண்டும்.

செவ்வரத்தை பட்டுப்போனால் செலவே இல்லை. மாரி தொடங்கும்போது பென்சில் தடிப்பில் முற்றிய தடியொன்றை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றினால், மழையே அதை வேர்பிடிக்க வைத்துவிடும். தடி அயல்வீட்டு வேலியில் கிடைக்கும். புதுக் கிளைகளிலேயே பூப்பதால், மழை ஓய்ந்தபின் தை மாதத்தில் கவாத்துப் பண்ணினால் பூவும் கூடுகிறது. வேரடியில் சருகைப் பரப்பிவிட்டால், வளர்ந்த செடி வாரத்துக்கு இருமுறைத் தண்ணீரோடு கோடையைக் கடந்துவிடும்.

குறையில்லாத செடி என்று சொல்லமாட்டேன். நாட்கணக்கில் வெள்ளம் நின்றால் இதற்கும் வேர் அழுகும், ஆகவே பள்ளக் காணியில் மேட்டுப்பாத்தி அவசியம். கோடையில் குருத்தில் வெள்ளைப் பஞ்சாக அப்பும் பூச்சியை, வேப்பெண்ணெயைச் சவர்க்காரத் தண்ணீரில் கலக்கித் தெளித்துக் கட்டுப்படுத்தலாம். கூடவே எறும்பையும் விரட்டாவிட்டால் அது திரும்பிவரும். பெரிய பூப் பூக்கும் கலப்பினங்களில் நான் வளர்த்தது ஒன்றே என்பதால், இங்கே சொன்னதெல்லாம் நாட்டுச் சிவப்பைப் பற்றியது.

ஆடும் கட்டாக்காலி மாடும் செவ்வரத்தையை மொட்டையடித்துவிடும். வேலி அடைக்க வசதியில்லாதவர்கள் நந்தியாவட்டையை நடலாம், அதன் பாலுக்குப் பயந்து அவை பெரும்பாலும் வாய்வைப்பதில்லை. ரோசாவை விடமுடியாதவர்கள் பன்னீர் ரோசாவைத் தடியிலிருந்தே வளர்த்து, காலை வெயில் படும் மேட்டில் இடைவெளி விட்டு நட்டு, இலை நனையாமல் அடியில் மட்டும் தண்ணீர் விடட்டும்.