தமிழ்ப் பள்ளிக்கு நிலம் வாங்கப் போய் 77,500 டாலர் இழந்தோம்: மற்றப் பள்ளிகளுக்கு ஓர் எச்சரிக்கை

அமெரிக்காவில் சொந்தக் கட்டடம் தேடிக்கொண்டிருக்கும் தமிழ்ப் பள்ளிகளின் பொறுப்பாளர்களும் சங்க நிர்வாகிகளும் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வடக்கு வர்ஜீனியாவில் ஒரு கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி) ஞாயிறுதோறும் நடக்கும் தமிழ்ப் பள்ளிக்கு நான் பொருளாளர். நிலம் வாங்கித் தருவதாகவும் கவுன்டியின் அனுமதியையும் மானியத்தையும் பெற்றுத் தருவதாகவும் சொன்ன ஓர் ஆலோசகரை நம்பி, பெற்றோர்கள் கொடுத்த பணத்தில் 77,500 டாலரை இழந்து நிற்கிறோம். எங்கள் புகார் விசாரணையில் இருப்பதால் அவருடைய பெயரையோ ஊரையோ இங்கே எழுதவில்லை. ஆனால் அவர் எங்களிடம் எப்படிப் பேசினார், எந்த இடத்தில் நாங்கள் வழுக்கினோம் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளி அரசுப் பள்ளிக் கட்டடம் ஒன்றில் வகுப்பறைகளை வாடகைக்கு எடுத்து நடக்கிறது. 2020இல் கட்டடங்கள் மூடப்பட்டு வகுப்புகள் கணினித் திரைக்குப் போனபோதே, நமக்கென்று ஓர் இடம் இருந்தால் என்ன என்ற பேச்சு எழுந்தது. பொங்கல் விழாவில் இட்லி, வடை விற்ற பணம், ஆண்டு விழாவில் வந்த நன்கொடை, மாதந்தோறும் பெற்றோர்கள் அனுப்பிய இருபதும் ஐம்பதும் என்று சேர்ந்து 2022 இறுதிக்குள் 2 லட்சத்து 12 ஆயிரம் டாலர் ஆனது. கும்பகோணத்திலிருந்து பேரனைப் பார்க்க வந்த ஒரு பாட்டி, ஊருக்குத் திரும்பும் முன் என் கையில் நூறு டாலர் நோட்டைத் திணித்து, 'கட்டடம் வரும்போது எம் பேரெல்லாம் போட வேண்டாம் தம்பி, பிள்ளைகள் உக்கார ஒரு பெஞ்ச் வாங்குங்க' என்று சொன்னார். அந்த வரவு இன்றும் கணக்குப் புத்தகத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது. இழந்தது யாருடைய பணம் என்பதை நான் மறக்கவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அந்த ஆலோசகர் நம் மொழி பேசுபவர். ஒரு பெற்றோர் வழியாக 2022 செப்டம்பரில் அறிமுகமானார். கவுன்டியின் ஆட்சிக் குழுவான போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸ் உறுப்பினர் ஒருவருடன் எடுத்துக்கொண்ட படத்தைக் கைப்பேசியில் காட்டி, 'நான் பாத்துக்கறேன் சார், பர்மிஷன் எல்லாம் ஒரு ஃபார்மாலிட்டிதான்' என்றார். இந்த ஒரு வாக்கியத்தை உங்களிடம் யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வர்ஜீனியாவில் கவுன்டிகளுக்கு மாநிலச் சட்டம் வெளிப்படையாகக் கொடுத்த அதிகாரமும், அதிலிருந்து அவசியமாகப் பெறப்படும் அதிகாரமும் மட்டுமே உண்டு. டில்லன் விதி என்று இதைச் சொல்வார்கள். நிலப் பயன்பாட்டு அனுமதி என்பது அறிவிப்பு கொடுத்து, பக்கத்து நில உரிமையாளர்களுக்குக் கடிதம் அனுப்பி, பிளானிங் கமிஷன் என்ற நிலத் திட்ட ஆலோசனைக் குழு பரிந்துரை செய்து, பிறகு போர்டு முழுவதும் பொதுக் கூட்டத்தில் வாக்களித்து எடுக்கும் முடிவு. ஒரு சூப்பர்வைசர் நம் பக்கம் இருந்தாலும் அவர் கையில் இருப்பது ஒரு வாக்குதான்.

நவம்பரில் அவர் ஏழு ஏக்கர் நிலம் ஒன்றைக் காட்டினார். நடுவில் பழைய வீடு, பின்னால் ஓக் மரங்கள், விலை 6 லட்சத்து 90 ஆயிரம். பார்த்தவுடன் எல்லோருக்கும் பிடித்துப்போனது. அது விவசாய வகைப்பாட்டில் இருந்த நிலம் என்பதையும், எந்த நிலத்தில் எது வரலாம் என்று வகுக்கும் ஸோனிங் சட்டப்படி அங்கே வீடும் பண்ணையும் உரிமையாகவே வரலாம், ஆனால் இருநூறு பேர் கூடும் பள்ளியோ சமூகக் கூடமோ வர வேண்டுமானால் சிறப்பு விலக்கு அனுமதி வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். அதில் பொய் இல்லை. 'பக்கத்துல கோயிலுக்குக் குடுத்திருக்காங்களே, உங்களுக்குக் குடுக்க மாட்டாங்களா' என்று அதன் மேல் கட்டிய வாதம்தான் பொய். மத நிறுவனங்களின் நிலப் பயன்பாட்டைப் பாதுகாக்கும் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று 2000இல் வந்தது. கோயில், தேவாலயம், மசூதி போன்ற வழிபாட்டு நோக்கமுள்ள இடங்களுக்கு அது ஒரு பாதுகாப்பு. மொழி கற்பிக்கும் பள்ளி அதற்குள் வராது. எங்களில் ஒருவரும் அன்று இதைச் சரிபார்க்கவில்லை.

அடுத்தது மானியம். கூட்டாட்சி அரசின் வீட்டுவசதித் துறை 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளாட்சிகளுக்கு வழங்கும் சமூக மேம்பாட்டு நிதியைக் கவுன்டி பிரித்துக் கொடுக்கிறது. அந்த நிதியில் குறைந்தது 70 சதவீதம் குறைந்த, நடுத்தர வருமானம் உள்ளவர்களுக்குப் பயன்பட வேண்டும். வார நாட்களில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஆங்கில வகுப்பும், வரிப் படிவம் நிரப்ப உதவியும், உணவுப் பொருள் வழங்கும் இடமும் நடத்துவதாக நாங்கள் எழுதிய விண்ணப்பம் மனதாரச் செய்ய நினைத்த வேலைதான். 2023 ஜனவரியில் அதைக் கொடுத்தோம்.

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். இந்த நிதிக்கு விண்ணப்பம் கொடுத்த பிறகு, கவுன்டி சுற்றுச்சூழல் ஆய்வை முடித்து நிதியை விடுவிக்கும் ஒப்புதல் வரும்வரை, விண்ணப்பித்த அமைப்பு தன் சொந்தப் பணத்தைக் கொண்டுகூட அந்தத் திட்டத்துக்கான நிலத்தை வாங்கக் கட்டுப்படக் கூடாது. வேறு இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை அடைத்துவிடும் செயலாக அதைக் கருதுகிறார்கள். ஆய்வின் முடிவுக்கு உட்பட்டது என்ற நிபந்தனையோடு, விலையில் மிகச் சிறு தொகைக்கு ஆப்ஷன் ஒப்பந்தம் (வாங்கும் உரிமையை மட்டும் ஒதுக்கி வைப்பது) போட்டு நிலத்தைப் பிடித்து வைக்க மட்டும் வழி இருக்கிறது. மானியத்தில் அனுபவம் உள்ள எவருக்கும் இது அரிச்சுவடி. எங்கள் ஆலோசகரோ, 'வேற யாரோ பாத்துட்டுப் போயிருக்காங்க, இந்த வாரம் கையெழுத்துப் போடலைன்னா நிலம் போயிடும்' என்று அவசரப்படுத்தி, பிப்ரவரியில் கிரய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். நிலத்தை நாங்கள் சோதித்துப் பார்த்து, வேண்டாமென்றால் விலக 60 நாள் ஆய்வுக் காலம். அதற்குப் பின் எஸ்க்ரோவில், அதாவது இரு தரப்புக்கும் பொதுவான மூன்றாமவரிடம், வைத்த 40,000 டாலர் முன்பணம் திரும்பி வராது. சிறப்பு விலக்கு அனுமதி கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்தாகும் என்ற நிபந்தனை அதில் இல்லை. நான் கேட்டேன். அதைச் சேர்த்தால் விற்பவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார். வழக்கறிஞரிடம் காட்டலாமா என்று பள்ளி முதல்வர் அக்கா கேட்டதற்கு, ஆயிரம் டாலர் வீண் செலவு என்றார். நாங்கள் தலையாட்டினோம். ஏப்ரலில் 60 நாளும் முடிந்தது. கவுன்டியில் அனுமதி விண்ணப்பம் அப்போதுதான் பதிவாகியிருந்தது.

ஜூன் மாதம் கவுன்டியின் வீட்டுவசதிப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. சுற்றுச்சூழல் ஆய்வுக்கு முன்பே நிலத்துக்குக் கட்டுப்பட்டுவிட்டதால் எங்கள் விண்ணப்பம் தகுதி இழந்தது. அந்த அதிகாரியை நான் குறை சொல்ல மாட்டேன். நேரில் போனபோது அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்கினார். கையெழுத்துப் போடும் முன் தன்னை ஒருமுறை அழைத்திருக்கலாமே என்று வருத்தப்பட்டார்.

அக்டோபரில் பிளானிங் கமிஷனின் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. பேச வருபவருக்கு மூன்று நிமிடம். எங்கள் மாணவி ஒருத்தி, பதினோரு வயது, திருக்குறள் ஒன்றைச் சொல்லி ஆங்கிலத்தில் பொருள் கூறினாள். எதிர்த்துப் பேசிய பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட எங்களை அவமதித்துப் பேசவில்லை. ஒரு முதியவர் தன் கிணற்று நீரைப் பற்றிக் கவலைப்பட்டார். அந்தச் சாலையில் எதிரெதிரே இரண்டு கார் வந்தால் ஒன்று புல்லில் இறங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலையில் நூறு கார் வந்தால் என்ன ஆகும் என்று ஒரு பெண்மணி கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. வர்ஜீனியாவில் பெரும்பாலான கவுன்டிகளின் சாலைகள் மாநிலப் போக்குவரத்துத் துறையின் பராமரிப்பில் இருப்பதால், கவுன்டி சம்மதித்தாலும் வாசலுக்கு அந்தத் துறையின் அனுமதி வேறு வேண்டும். வளைவில் போதிய பார்வைத் தூரம் இல்லை என்று அந்தத் துறை ஏற்கெனவே குறிப்பெழுதியிருந்தது. செப்டிக் அமைப்போ மூன்று படுக்கையறை வீட்டுக்காகச் சுகாதாரத் துறை அனுமதித்தது. இருநூறு பேருக்கு அது தாங்காது. கமிஷன் உறுப்பினர்கள் நிராகரிக்கப் பரிந்துரைத்தார்கள். போர்டும் நிராகரித்தால் ஓராண்டுக்கு ஏறக்குறைய அதே விண்ணப்பத்தை மறுபடி கொடுக்க முடியாது என்பதால், நவம்பரில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றோம். அனுமதி இல்லாத நிலத்துக்கு வங்கி கடன் தரவில்லை. முன்பணம் 40,000 போனது. ஆலோசகருக்குக் கொடுத்த 16,500, விண்ணப்பக் கட்டணமும் நில அளவையும் போக்குவரத்து ஆய்வுமாக 21,000, எதுவும் மீளவில்லை.

இதுவரை நடந்ததை எங்கள் அறியாமை என்றே நினைத்திருந்தோம். 2024 ஜனவரியில், மாநிலத்தின் தகவல் அறியும் சட்டப்படி அந்த நிலம் தொடர்பான கோப்பு முழுவதையும் கேட்டு நான் கவுன்டிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். ஐந்து வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். நான்காம் நாளே வந்தது. அதில் மூன்று பக்கக் குறிப்பு ஒன்று இருந்தது. 2022 டிசம்பரில், அதாவது நாங்கள் கையெழுத்திடுவதற்கு இரண்டு மாதம் முன்பு, கவுன்டியின் திட்ட அதிகாரிகளோடு நடந்த முன்விண்ணப்பக் கூட்டத்தின் குறிப்பு. கலந்துகொண்டவர் பட்டியலில் எங்கள் தரப்பில் ஆலோசகர் ஒருவர் பெயர் மட்டுமே. சாலையின் அகலம், பார்வைத் தூரம், செப்டிக் அளவு மூன்றும் எண்ணோடு எழுதப்பட்டிருந்தன. கடைசி வரியில், இந்த நிலம் உத்தேசித்த பயன்பாட்டுக்குப் பொருத்தமில்லை, வேறு இடம் பார்ப்பது நல்லது என்று அதிகாரிகள் அறிவுரை சொல்லியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தைப் பற்றி எங்களுக்கு அவர் அனுப்பிய செய்தி இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது: 'மீட்டிங் சூப்பரா போச்சு சார்.'

அதன் பிறகுதான் கிரய ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தோம். பதினோராம் பக்கத்தில், முன்பணம் திரும்பிவராத நிலையை அடைந்ததும் விற்பவர் தரப்பிலிருந்து எங்கள் ஆலோசகருக்கு ஒரு தொகை போய்ச் சேர வேண்டும் என்று இருந்தது. எங்களிடமும் கூலி, எங்களுக்கு எதிர்த் தரப்பிலும் கூலி. அவரிடம் நிலத் தரகு உரிமமும் இல்லை என்று மாநிலத்தின் உரிமப் பதிவில் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். அந்தத் தேடல் இலவசம், முதல் நாளே செய்திருக்கலாம். உரிமத் துறையில் புகார் கொடுத்துள்ளோம், வழக்கறிஞர் அறிவிப்பும் போயிருக்கிறது.

உங்கள் பள்ளி இப்போது ஒரு நிலத்தைப் பார்த்து வைத்திருந்தால், கவுன்டி அலுவலகத்துக்கு ஆலோசகரை அனுப்பாமல் நீங்களே போய் முன்விண்ணப்பக் கூட்டத்தில் உட்காருங்கள். எங்கள் கவுன்டியில் அதற்குக் கட்டணம் கிடையாது. குறிப்பை எழுத்தில் வாங்குங்கள். போர்டு வாக்களித்து, அந்த முடிவை எதிர்த்து நீதிமன்றம் போவதற்கு வர்ஜீனியா சட்டம் தரும் 30 நாளும் கடந்த பிறகே முன்பணம் கைமாற வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத விற்பவரிடம் வாங்க வேண்டாம். மானியம் கேட்டிருந்தால், எதில் கையெழுத்திடுவதற்கும் முன்பு மானிய அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிப் பதிலுக்குக் காத்திருங்கள். அந்த மூன்று பக்கக் குறிப்பையும், நிபந்தனை இல்லாத எங்கள் ஒப்பந்தத்தையும், இப்போது வழக்கறிஞர் எழுதிக் கொடுத்திருக்கும் நிபந்தனை வாசகத்தையும் கேட்கும் எந்தத் தமிழ்ப் பள்ளிக்கும் அனுப்பத் தயாராக இருக்கிறேன். ஞாயிறு காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரை, பழைய வாடகை வகுப்பறைகளின் வாசலில் வருகைப் பதிவேட்டோடு இருப்பேன்.