பாப்பா, டூ கப் லெஃப்ட்: ஃபூக்கெட்டில் மூன்று ரவுண்டு

முதல் கிரீனில், அதாவது கோல்ஃப் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், ஏறியதும் டாக்டர் குனிந்து பார்த்தார். "ஏனுங்க, இது கிரீனா, சல்லடையா?" என்றார். சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டைகள், இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். மேலே மணல் கொட்டி இழுத்துவிட்டிருந்தார்கள். பிடுங்கிய மண் துண்டுகளை இன்னும் அள்ளவில்லை. உடைந்த கைமுறுக்கு மாதிரி ஓரத்தில் குவியலாகக் கிடந்தன. கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூர் மாறி, ஒரு நாள் தூக்கத்தைத் தொலைத்து நாங்கள் நான்கு பேர் வந்தது இதில் பட் அடிக்க, அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டத்தான்.

தாய்லாந்தின் ஃபூக்கெட் தீவுக்கு செப்டம்பரில் போனோம். அந்தமான் கடல் பக்கம் மழை கொட்டுகிற மாதம் என்று தெரிந்துதான் போனோம். ஹோட்டலும் சரி, கோல்ஃபும் சரி, சீசன் விலையைவிட நன்றாகவே குறைவு. மூன்று கோர்ஸ் (கோல்ஃப் மைதானம்), மூன்று ரவுண்டு. இரண்டின் பெயரைச் சொல்கிறேன். ஓட்டை போட்ட கோர்ஸின் பெயர் வேண்டாம், ஆடுகிறவர்களோடு கூடவே வந்து உதவும் கேடி (caddie) பெண்களின் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கத்து என்கிற பகுதியில் இருக்கும் ரெட் மவுண்டன், 2007இல் திறந்தது. அந்தப் பகுதி முழுக்க ஒரு காலத்தில் தகரச் சுரங்கம். மலையை வெட்டி, தண்ணீர் பாய்ச்சி, தகரத்தை அலசி எடுத்துவிட்டு அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள். அந்தச் செம்மண் சரிவுகளையும் பள்ளங்களையும் மூடி மறைக்காமல் கோர்ஸுக்குள்ளேயே விட்டிருப்பதுதான் அழகு. பேட்டரி வண்டி இல்லாமல் நடந்து முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பதினேழாவது ஹோல் பார் த்ரீ, மூன்று அடியில் குழியில் போட வேண்டியது; மேலே நின்று பார்த்தால் கிரீன் கிணற்றுக்குள் இருப்பது போலத் தெரியும். தூரம் பார்த்து மட்டை எடுத்தால் பந்து கிரீனைத் தாண்டிவிடும். நான் தாண்டவிட்டேன்.

அங்கே கிரீன் எப்படி இருந்தது என்றால், பந்தை உருட்டியதும் சத்தமே வராத மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் மார்ச், ஏப்ரல் வந்தால் பந்து தரையில் தட்டித் தட்டிப் போகும். இங்கே துணி மேல் போவது போல ஒரே சீர். ஆனால் நேராகப் போகாது. வெப்ப நாட்டுப் புல் நிமிர்ந்து நிற்காமல் படுத்து வளரும். எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அந்தப் பக்கம் பந்தை இழுக்கும். பந்துக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது கிரீன் வெளிறிப் பளபளத்தால் புல் நம்மை விட்டு விலகிச் சாய்ந்திருக்கிறது, பந்து ஓடும். கறுத்துத் தெரிந்தால் நம் பக்கம் சாய்ந்திருக்கிறது, கொஞ்சம் ஓங்கி அடிக்க வேண்டும். இதை நான் எங்கேயும் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. என் கேடி கையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தாய்லாந்தில் கேடி இல்லாமல் பெரும்பாலான இடங்களில் ஆடவிட மாட்டார்கள், அநேகமாக எல்லாருமே பெண்கள். வெயிலுக்குப் பயந்து கண் மட்டும் தெரிகிற மாதிரி முகத்தைச் சுற்றி மூடி, முழுக்கை போட்டு, அகலத் தொப்பி வைத்திருப்பார்கள். என் கேடிக்கு ஆங்கிலம் முப்பது வார்த்தை தெரிந்திருக்கும், அதில் இருபத்தைந்து கோல்ஃப். கொஞ்சம் வயதான ஆம்பளைகளை அங்கே 'பாப்பா' என்று கூப்பிடுகிறார்கள், அப்பா என்கிற அர்த்தத்தில். "பாப்பா, டூ கப் லெஃப்ட்" என்றாள். குழிக்கு இடது பக்கம் இரண்டு குழி அகலம் தள்ளிக் குறி பார் என்று பொருள். அறுபது வயதில், தலையில் முடியில்லாத என்னைப் பாப்பா என்றதும் மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் பக்கத்து ஹோல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த ஹோலில் அவனையும் பாப்பா என்றார்கள். அடங்கிவிட்டான்.

நான் என் கண்ணை நம்பி அடித்த பட் ஒன்றுகூட விழவில்லை. அவள் சொன்னபடி அடித்ததில் ஐந்து விழுந்தன. நானூறு பாட் டிப் கொடுத்தேன், குறைவோ என்று இன்னும் தோன்றுகிறது.

இரண்டாம் நாள் லகுனா ஃபூக்கெட். இதுவும் தகரம் தோண்டிய நிலம்தான், பாங் தாவ் கடற்கரையை ஒட்டியது. தோண்டிப் பாழாய்க் கிடந்த இடத்தை 1980களில் வாங்கி, சுரங்கக் குழிகளையே ஏரிகளாக்கி, சுற்றி ஹோட்டல்கள் கட்டினார்கள். அந்த ஏரிகள்தான் கோர்ஸ் முழுக்க நம் பந்துக்காகக் காத்திருக்கின்றன. தட்டையான இடம் என்பதால் மழை பெய்தால் குளமாகிவிடும் என்று பயந்தேன். ஆறாவது ஹோலில் சங்கு ஊதினார்கள். மின்னல் வந்தால் உடனே ஒதுங்கச் சொல்லும் சங்கு. கொட்டகையில் நின்றோம். நம் ஊர் ஐப்பசி மழை எல்லாம் அதன் முன்னால் தூறல். முக்கால் மணி நேரம் அடித்து, சட்டென்று நின்றது. நின்று இருபது நிமிடத்தில் கிரீனில் தேங்கிய தண்ணீர் காணாமல் போயிருந்தது. அடியில் மணலும் குழாயும் ஒழுங்காகப் போட்ட வேலை, மேலே நின்று பார்த்தாலே தெரிகிறது.

கிரீனுக்குப் போகிற வெட்டிய புல்வெளியான ஃபேர்வேயில் மட்டும் ஈரம். டாக்டரின் பந்து விழுந்த இடத்திலேயே புதைந்து, பாதி முட்டை மாதிரி எட்டிப் பார்த்தது. விதிப்படி அதை எடுத்துத் துடைத்து, பக்கத்தில் போட்டு ஆடலாம், தண்டனை ஷாட் இல்லை. இது தெரியாமல் சேற்றோடு அடித்து வெள்ளைச் சட்டையைப் பாழாக்கிக்கொள்கிறவர்கள் எங்கள் கிளப்பிலேயே உண்டு. புல் பெயர்ந்த பள்ளங்களைக் கேடிகள் உடனுக்குடன் மணல் போட்டு மிதித்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள்.

சரி, மூன்றாவது நாளுக்கு வருகிறேன்.

கிரீனில் ஓட்டை போடுவது தப்பே இல்லை. தினம் நூறு, இருநூறு பேர் மிதித்தால் மண் இறுகிவிடும். வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகாது. அதனால் குழல் மாதிரியான முள்ளால் மண்ணைப் பிடுங்கி எடுத்து, அந்தத் துளையில் மணலை நிரப்புவார்கள். குளிர் நாடுகளில் புல் சில மாதம் தூங்கும். இங்கே வருஷம் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் வருஷத்தில் சில தடவையாவது செய்தாக வேண்டும், கூட்டம் குறைந்த மழைக்காலம்தான் அதற்குத் தோது. இரண்டு, மூன்று வாரத்தில் மூடிக்கொள்ளும். முதல் நாள் நாங்கள் பார்த்த அந்த வழுவழு கிரீனும் ஒருநாள் இப்படிச் சல்லடையாகக் கிடந்துதான் அப்படி ஆகியிருக்கும்.

என் கோபம் வேறு. எனக்கு கோவையில் சின்னதாக ஒரு ஃபவுண்டரி இருக்கிறது. ஃபர்னஸுக்கு லைனிங் மாற்ற நாலு நாள் நிறுத்துவேன். ஒரு வாரம் முன்னாடியே எல்லா பார்ட்டிக்கும் போன் போய்விடும்: இந்தத் தேதியில் காஸ்டிங் வராது, வேண்டியதை இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள் என்று. சொல்லாமல் நிறுத்திவிட்டு, வந்தவனிடம் முழுக் காசும் வாங்கினால் அடுத்த ஆர்டர் வராது. இங்கே மூன்று வாரம் முன்பே பணம் கட்டியிருந்தோம். கிரீனில் எப்போது இயந்திரம் ஓட்டுவோம் என்பது எந்தக் கோர்ஸுக்கும் மாதக்கணக்கில் முன்னதாகவே தெரியும். ஒரு வரி எழுதவில்லை. கவுண்டரில் கேடி கட்டணம், வண்டி வாடகை எல்லாம் சிரித்துக்கொண்டே வாங்கினார்கள், அப்போதும் சொல்லவில்லை.

ஒன்பது ஹோல் முடித்துவிட்டுப் போய்க் கேட்டேன். மேனேஜர் மாதிரி இருந்த பையன் ரொம்பப் பணிவாகக் கைகூப்பி, "கிரீன் மெயின்டனன்ஸ், சார்" என்றான். ஆளுக்கு ஒரு பீர் இலவசம் என்று சீட்டுக் கொடுத்தான். டாக்டர் குடிப்பதில்லை. அவர் சீட்டும் மாப்பிள்ளைக்கே போனது.

அந்த கிரீனில் என்ன ஆட முடியும்? பந்து ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு குட்டித் துள்ளல் போட்டு, திசை மாறி, மணலில் வேகம் இழந்து நிற்கும். டாக்டர் தன் வழியில் இருந்த ஓட்டைகளைப் பட் அடிக்கும் மட்டையால் தட்டிச் சமன்படுத்தப் பார்த்தார். நான் தடுத்தேன். 2019இலிருந்து கிரீனில் ஷூ தடம் உள்பட அநேகமாக எல்லாச் சேதத்தையும் நாமே சரி செய்யலாம், ஆனால் இந்தக் காற்றோட்ட ஓட்டைகளை மட்டும் விதி அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மணலைத் துடைக்கலாம், ஓட்டையைத் தொடக்கூடாது. "அப்போ எதுக்குய்யா காசு?" என்றார். என் கேடி "பாப்பா..." என்று ஆரம்பித்து, எத்தனை கப் என்று சொல்லத் தெரியாமல் கையை விரித்தாள். பாவம், அவள் தப்பா அது? கடைசி ஒன்பதில் இரண்டு பட்டுக்கு மேல் எண்ணுவதில்லை என்று நாங்களே பேசி முடிவு செய்துகொண்டோம்.

ஃபேர்வேக்கு வெளியே புல்லை உயரமாக விட்டிருக்கும் ரஃபும் அப்படித்தான். தினமும் மழை என்றால் வெட்டும் வண்டியை இறக்க முடியாது, புரிகிறது. கணுக்கால் வரை புல். ஃபேர்வேயிலிருந்து இரண்டடி விலகிய பந்துகள் ஏழு காணாமல் போயின, நான்கு கேடிகள் தேடியும்.

பிப்ரவரியில் மறுபடி போகலாம் என்று பேச்சு. 1998இல் டைகர் உட்ஸ் எட்டு ஷாட் பின்னாலிருந்து வந்து எர்னி எல்ஸைத் தோற்கடித்த ப்ளூ கேன்யன் கோர்ஸில் ஆடியே தீருவேன் என்கிறான் மாப்பிள்ளை. அது சீசன் மாதம், விலை ஏறும், மழை இருக்காது. இந்தத் தடவை ஏஜென்டுக்கு எழுதிய மெயிலில் முதல் வரியே இதுதான்: நாங்கள் வருகிற தேதிக்கு முந்தைய மூன்று வாரத்தில் கிரீனில் ஓட்டை போடுகிறார்களா, ஒவ்வொரு கோர்ஸிலும் கேட்டு எழுதுங்கள், பதில் வந்த பிறகுதான் பணம். நேற்று வரைக்கும் ஒரு கோர்ஸ் தேதி போட்டு எழுதியிருக்கிறது. இன்னொன்று ஏழு படம் அனுப்பியிருக்கிறது, ஏழிலும் சூரியன் மறைகிறது.