மூக்கு ஒழுகுகிறதா, அடைத்திருக்கிறதா? எதற்கு எந்த மருந்து

ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் இரண்டு மருந்துகள் சேர்ந்தே இருக்கும். இரண்டின் வேலையும் வேறு.

குளோர்பெனிரமின் போன்ற ஆன்டிஹிஸ்டமின் தும்மலையும் மூக்கு ஒழுகுவதையும் குறைக்கும். தூக்கம் வரும், வாய் உலரும். போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள்; மது வேண்டவே வேண்டாம். கண் அழுத்த நோயோ புராஸ்டேட் வீக்கமோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

மூக்கடைப்பு மருந்து, மூக்கினுள் வீங்கிய ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. மாத்திரையாக விழுங்கினால் அந்தச் சுருக்கம் மூக்கோடு நிற்பதில்லை. ரத்த அழுத்தம் ஏறலாம், நெஞ்சு படபடக்கலாம், இரவுத் தூக்கம் கெடலாம். பிபி, இதய நோய் உள்ளவர்கள் பயப்பட வேண்டியது இதற்குத்தான். அதிலும், ஃபினைலெஃப்ரின் என்ற மூக்கடைப்பு மருந்தை விழுங்கினால் பலன் கிடைப்பதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 2023இல் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. மூக்கில் விடும் சொட்டு மருந்து சீக்கிரம் கேட்கும்; ஆனால் 3 நாளுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பலாம்.

ஒழுகல் மட்டும்தான் என்றால் முதலாவது போதும், கூட்டு மாத்திரை எதற்கு? அவற்றில் பலவற்றில் பாராசிட்டமாலும் இருக்கிறது. காய்ச்சலுக்குத் தனியாக ஒன்று போடுமுன் அட்டையைப் படியுங்கள். 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, மருத்துவர் சொல்லாமல் ஆன்டிஹிஸ்டமின், மூக்கடைப்பு மருந்து இரண்டில் எதையும் கொடுக்காதீர்கள்.