ஆறு ஆண்டுகள் உழைத்த டிரை சூட்டும் இருமுறை கைவிட்ட கழுத்து சீலும்

நான் வைத்திருக்கும் அதே டிரை சூட் (உடம்பில் தண்ணீர் படாமல் கடலில் முக்குளிக்கப் போடும் உடை) இப்போது விலை குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பொள்ளாச்சித் தம்பி ஒருவர், "ஏனுங்கண்ணா, இதையே வாங்கிப் போடலாமுங்களா?" என்று சென்ற வாரம் கேட்டார். கழுத்தை இறுகப் பிடித்துத் தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் ரப்பர் பட்டையான கழுத்து சீல் இரண்டாம் முறையாக மாற்றப்பட்டு வந்த என் சூட், அப்போது பெட்டிகூடப் பிரிக்கப்படாமல் மேசைமேல் கிடந்தது.

இந்த சூட்டை நான் வாங்கியதே ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னி தீவுகளுக்கு நடுவே இருக்கும் ஸ்காபா ஃப்ளோ என்ற கடற்பரப்புக்காகத்தான். அங்கே காவலில் வைக்கப்பட்டிருந்த 74 ஜெர்மானியப் போர்க்கப்பல்களில் 52 கப்பல்களை, 1919 ஜூன் 21 அன்று, அட்மிரல் லுட்விக் ஃபான் ராய்ட்டரின் ஆணைப்படி அவற்றின் மாலுமிகளே மூழ்கடித்தார்கள். பெரும்பாலானவற்றைப் பின்னாளில் இரும்புக்காக மேலே எடுத்துவிட்டார்கள். எஞ்சியவற்றில் கோனிக், மார்க்கிராஃப், க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம் ஆகிய மூன்று பெரும் போர்க்கப்பல்களும் கவிழ்ந்த நிலையில் 40 மீட்டரையொட்டிய ஆழத்தில் இருக்கின்றன. அந்த ஆழத்தின் அழுத்தத்தில் சாதாரண நியோப்ரீன் (நுரை ரப்பர்) உடை நசுங்கி மெலிந்து குளிரைத் தடுக்காமல் போய்விடும் என்பதால், கோடையிலும் டிரை சூட் இல்லாமல் அங்கே இறங்குவதைப் பற்றி யோசிக்கவே கூடாது.

துணியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நடுவில் பியூட்டைல் ரப்பர் வைத்த மூவடுக்குத் துணி ஆறு ஆண்டுகளில் ஓரிடத்திலும் கசியவில்லை. பித்தளை ஜிப்பும் மெழுகு தடவத் தடவப் புதிதுபோலவே ஓடுகிறது. உள்ளே போடும் ஃபிளீஸ் உடையைத் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் என் மச்சினர் என் அளவுக்குத் தைத்துக் கொடுத்தார். அக்குளிலும் தொடையிலும் பிளாட்லாக் தையல் போட்டதால் மடிப்போ உறுத்தலோ இல்லை. படகில் வந்தவர்களின் விலையுயர்ந்த உள்ளுடைகளோடு வைத்துப் பார்த்தும் எனக்கு இதுவே மேலாகப் பட்டது.

என் கோபமெல்லாம் கழுத்து சீலின் மேல்தான். க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்மின் 30.5 சென்டிமீட்டர் பீரங்கியை, கவிழ்ந்த உடலுக்கு அடியில் விளக்கடித்துப் பார்க்கத் தலையைத் திருப்பிய நொடியில், கழுத்து நரம்பு புடைத்த இடத்தில் சீல் விட்டுக்கொடுத்து, ஐஸ் போன்ற தண்ணீர் முதுகெலும்பின் வழியே இறங்கியது. பல ஆண்டுகள் காத்திருந்து பார்க்கப் போன பீரங்கியை அரைக்கணம் பார்த்துவிட்டுத் திரும்பினேன். உடம்பு அழுத்தக் குறைவுக்கு ஈடுகொடுக்க மேலேறும் வழியில் நிற்க வேண்டிய ஒவ்வொரு நிறுத்தத்திலும் பற்கள் கிட்டித்துப்போயின.

கோவைக்கு வந்து, லேடெக்ஸ் ரப்பரால் ஆன அந்த சீலை ட்யூப் லைட் முன்னால் இழுத்துப் பிடித்தபோது, வறண்ட குளத்துச் சேறு போல மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. நியாயமாகச் சொன்னால் முதல் சீல் போனதில் என் பங்கும் உண்டு. கணபதியில் என் வெல்டிங் பட்டறையை ஒட்டிய அறையில்தான் சூட்டைத் தொங்கவிட்டிருந்தேன். வெல்டிங் பொறியில் உண்டாகும் ஓசோன் லேடெக்ஸை அரித்துவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டாவது சீலை வீட்டு பீரோவில் இருட்டில் வைத்து, ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி, வாசனை சேர்க்காத டால்க் தூவித்தான் காப்பாற்றினேன். (வீட்டில் புழங்கும் மணக்கும் பவுடர் கூடாது, அதுவும் லேடெக்ஸைக் கெடுக்கும்.) அப்படியிருந்தும் நம் ஊர் வெயிலுக்கு இரண்டே கோடையில் அது பிசுபிசுத்து இளகிவிட்டது.

கையாலேயே கழற்றி மாட்டும் வளையத்தில் சிலிக்கோன் சீல் பொருத்தும் முறை பல சூட்டுகளில் வந்துவிட்ட பிறகும், என் சூட்டைச் செய்யும் கம்பெனிக்காரர்கள் லேடெக்ஸைப் பசை போட்டு ஒட்டித்தான் அனுப்புகிறார்கள். ஆகவே சீல் போகும்போதெல்லாம் முழு சூட்டையும் வெளிநாட்டுக்கு அனுப்பி, சுங்கத்துக்குப் பதில் சொல்லி, நான்கு மாதம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. எனவே தம்பி, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் இதை வாங்க வேண்டாம். வளையம் உள்ள சூட்டாகப் பாருங்கள்.

பெட்டியை நேற்று பிரித்தேன். புது சீலின் ஓரத்தை என் கழுத்தளவுக்கு நறுக்கி, தலையை இரு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இறுக்கம் சரியாக இருக்கிறது. ஜூலையில் இதே சூட்டோடுதான் அந்தப் பீரங்கிக்கு மறுபடி இறங்குகிறேன்.